காரின் அடிவயிறு

அழகுணர்ச்சி பெரும்பாலும் கண்ணுக்கு எதிர்ப்படும் பக்கத்தையே நாடி நிற்கின்றது. திருமணத்துக்கு வீட்டை அலங்கரிப்போர் முன்விறாந்தையிலேயே வண்ணப்பூச்சைத் தொடங்குவர். கூரையின் வளையைக் கறையான் தின்றிருக்கின்றதா என்று ஏணி வைத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. மோட்டார்க் காரும் இந்த வழக்கத்துக்கு விலக்கன்று. மினுக்கிய கதவையும் பளபளக்கும் சில்லுகளையும் பத்துப்பேர் பாராட்டுவர். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, அதன் அடியிலே என்ன இருக்கின்றது என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

இன்று இளைஞரிடையே காரைத் தாழ்த்தி ஓட்டும் ஆசை பெருகியிருக்கின்றது. 'லோவர் பண்ணுதல்' என்று அவர்கள் அதனைச் சொல்வர். இதனை வெறும் பகட்டென்று ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. பொருளொன்றின் ஈர்ப்பு மையம் தாழத் தாழ அதன் உறுதிநிலை கூடும் என்பதை நாம் வகுப்பறையிலே மாணவருக்குக் கற்பிக்கின்றோம். தாழ்ந்த கார் வளைவுகளிலே குறைவாகச் சாய்கின்றது. தெருவைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றது. பார்வைக்கும் அது பாயப் பதுங்கிய சிறுத்தையை ஒத்திருக்கும். ஆனால் கார் இரண்டு அங்குலம் தாழ்ந்தால், அதன் அடியிலே வாழும் உறுப்புக்கள் யாவற்றுக்கும் உரிய வீடு இரண்டு அங்குலம் சுருங்கிவிடுகின்றது என்பதை நினைப்போர் குறைவு.

அந்த வீட்டிலே பலர் குடியிருக்கின்றனர். பெற்றோல் செல்லும் மெல்லிய குழாய், பிரேக் எண்ணெய் செல்லும் அதனினும் மெல்லிய குழாய், கைப்பிரேக்கின் கம்பி, பின்சில்லுகளைச் சுழற்றும் நீண்ட தண்டு, மேலும் கீழும் ஆடும் பின்னச்சு ஆகியோரெல்லாம் அமைதியான குடியிருப்பாளர். இவர்களின் நடுவே முன்கோபியான அயலவன் ஒருவனும் இருக்கின்றான். அவனே புகைக்குழாய். உடம்பிலே நெருப்பும் வயிற்றிலே நஞ்சும் கொண்டவன். இவனுக்கு எங்கே இடம் கொடுப்பது என்பதிலேதான் காரைத் தாழ்த்தும் கலையின் பாதி அடங்கியிருக்கின்றது.

மழைநாட் பயணம்

எமது தமக்கையாரின் மகனிடம் 1958 ஆம் ஆண்டுத் தயாரிப்பான மொறிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து, 1948 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்த கார் வகை அது. யாழ்ப்பாணத்தாருக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் பெற்றோல் கிடையாதிருந்த காலத்திலே, சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடி நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை இத்தகைய பழங்கார்களே. எமது மருமகனின் பாட்டனார் வாங்கிய அக்காரும் அவற்றுள் ஒன்று.

குடும்பச் சொத்தாகிய அதனை மருமகன் அன்போடு புதுப்பித்தான். பின்னச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் இடையே இரண்டங்குலக் கட்டைகளை வைத்துப் பின்புறத்தைத் தாழ்த்தினான். முன்புறத்தைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளைக் கழற்றி, அவற்றின் பற்களை மாற்றிக் கொளுவி, முன்புறத்தையும் அதற்கேற்பத் தாழ்த்தினான். பின்னர், பட்டறையொன்றிலே சொல்லி, இரண்டரை அங்குலக் குழாயினாலே புதிய புகைக்குழாய் ஒன்றையும் பொருத்துவித்தான். கார் உறுமியது, பார்த்தவர் வியந்தனர்.

2023 மார்கழி மாதத்திலே, அக்காரில் அவன் குடும்பத்தோடு வவுனியாவுக்குப் புறப்பட்டான். முன்னிருக்கையிலே அவனும் மனைவியும்; பின்னிருக்கையிலே எமது தமக்கையாரும், ஏழும் நான்கும் வயதான இரு பேரப்பிள்ளைகளும். மாரி மழை. கண்ணாடிகளெல்லாம் மூடப்பட்டிருந்தன, முன்பக்கத்துச் சிறிய முக்கோணக் கண்ணாடிகள் மாத்திரம் சற்றே திறந்திருந்தன. ஆனையிறவைக் கடக்கும்வரை குறையொன்றுமில்லை. கிளிநொச்சிக்கு அப்பால் மூத்த பிள்ளை தலையிடிக்கின்றது என்றது. இளையது சத்தி எடுத்தது. பயணக் களைப்பென்றும் காலையிலுண்ட உணவென்றும் எண்ணினர். மாங்குளத்தை அண்மியபோது பிள்ளைகள் இருவரும் துவண்டு உறங்கினர். "எனக்கும் தலை விறைக்குது, தம்பி. ஒருக்கா நிப்பாட்டு" என்று தமக்கையார் சொன்ன பின்னரே கார் நின்றது.

வழியிலிருந்த மருத்துவமனைக்கு மூவரையும் கொண்டுசென்றனர். அங்கிருந்த இளம் வைத்தியர் என்ன உண்டீர்கள் என்று கேட்கவில்லை. காரிலே யார் யார் எங்கே இருந்தீர்கள் என்றே முதலிற் கேட்டார். பின்னே இருந்த மூவருக்கும் ஒரே நோய். முன்னே இருந்த இருவருக்கும் நோயில்லை. அவர் உடனே ஒட்சிசன் கொடுப்பித்தார். மறுநாட் காலையிலே மூவரும் நலம்பெற்றனர். இன்னும் அரைமணி நேரம் கார் ஓடியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எழுத எமக்கு மனம் வரவில்லை.

பெற்றோல் முற்றாக எரியாதபோது உண்டாகும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உட்செல்லும் ஒட்சிசனைச் சுமக்க வேண்டிய ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட இவ்வாயுவை இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் தழுவிக்கொள்கின்றது. காற்றிலே ஆயிரத்தில் ஒரு பங்காக இது கலந்திருந்தாலும், சில மணி நேரத்திலே உயிருக்கு ஆபத்து விளையும். புதிய கார்களிலே இவ்வாயுவைத் தீங்கற்றதாக மாற்றும் ஊக்கிக் கலன் புகைக்குழாயோடு இணைந்திருக்கின்றது. பழைய காபரேற்றர்க் காரிலோ அத்தகைய காவல் எதுவுமில்லை. அதன் புகையிலே நூற்றுக்குச் சில பங்கு இந்த நஞ்சேயாகும். குழாய் புகையைக் காருக்கு அப்பாற் கொண்டுபோய் விடும்வரை குடும்பத்தின் உயிர் குழாயின் நேர்மையிலே தங்கியிருக்கின்றது.

கீழே கண்ட காட்சி

2024 தை மாதத்திலே அக்காரைக் கொக்குவிலிலுள்ள முதியவர் ஒருவரின் கராஜுக்குக் கொண்டுசென்றபோது நாமும் உடன் சென்றோம். பௌதிகம் கற்பிப்பவர் என்னும் முறையிலே, நிகழ்ந்ததன் காரணத்தைக் கண்ணாற் காண விரும்பினோம். ஐம்பது ஆண்டுக்கு மேலாக இத்தகைய கார்களோடு பழகிய அம்முதியவர் காரைத் தாங்கிகளில் ஏற்றி, விளக்கொன்றை எம்மிடம் தந்து, "மாஸ்டர், நீங்களே படுத்துப் பாருங்கோ" என்றார். சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தோம்.

குழாய் பின்னச்சின் கீழாகச் சென்றிருந்தது. அதன் அடிப்பாகம் தெருவிலே உரசி உரசி வெள்ளி போல் மின்னியது. பின்னிருக்கையின் நேர்கீழே இருந்த இணைப்பு வாய்பிளந்திருந்தது. அதற்கு மேலே காரின் தளத்திலே, இறப்பர் அடைப்பு விழுந்துபோன துளையொன்று எம்மை நோக்கிச் சிரித்தது. நஞ்சு வந்த வழி அதுவே. முன்னே சற்றுத் திறந்திருந்த முக்கோணக் கண்ணாடிகளும் உதவி செய்யவில்லை. விரைந்தோடும் காரிலே அவை உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்க, அக்குறையை நிரப்பக் கீழேயுள்ள துளையினால் புகை உட்புகுதல் இயல்பே.

"காரைப் பதிக்கிறது லேசு, மாஸ்டர். கீழை கிடக்கிற சாமானுகளுக்கு இடம் தேடுறதுதான் பாடு" என்றார் முதியவர். அவ்வொரு வசனத்தை நாம் இப்பொழுதும் நினைந்துகொள்வதுண்டு.

அச்சின் கீழாகக் குழாயைக் கொண்டுசென்றது ஏன் தவறு? அச்சு சில்லுகளோடு இணைந்தது. அது தரையிலிருந்து இருக்கும் உயரம் மாறுவதில்லை. குழாயோ காரின் உடலிலே தொங்குவது. ஐவர் ஏறினால் உடல் தாழும். பள்ளத்தில் விழுந்தால் மேலும் தாழும். குழாயும் அதனோடு தாழ்ந்து தெருவை உரசும். வேகத்தடையின் உச்சியைக் கடந்தவுடன் உடல் மேலெழ, அச்சு கீழே தொங்கும். அப்போது அதே குழாயை அச்சு மேலிருந்து இடிக்கும். கீழே தெருவும் மேலே அச்சுமாக இருபுறமும் அடிபடும் குழாயின் இணைப்புக்கள் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பாலத்தின் மேட்டிலும் புகையிரதக் கடவையிலும் ஏறி இறங்கிய அவ்வொரு பயணமே அதற்குப் போதுமாயிற்று.

மொறிஸ் மைனரை உருவாக்கியோர் புகைக்குழாயை அச்சுக்கு மேலாக வளைத்தே பின்னே கொண்டுசென்றனர். பிரேக்கின் முதன்மை உருளை சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே வலப்புறத்தில் இருப்பதனால், எஞ்சினின் இடப்புறத்திலிருந்து இறங்கும் குழாயை அப்புறமாகவே நடத்தினர். அந்த ஒழுங்கிலே காரணம் இருந்தது. ஆனால் இரண்டங்குலக் கட்டை வைத்தபோது, அச்சுக்கு மேலே இருந்த இடைவெளியும் இரண்டங்குலம் குறைந்துவிட்டது. பருத்த குழாய்க்கு அங்கே இடமில்லாது போகவே, அதனைச் செய்தவர் இலகுவான கீழ்வழியைத் தேர்ந்திருக்கின்றார்.

இடம் தேடிய கதை

முதியவரின் முதற் கேள்வி குழாயின் பருமன் பற்றியது. 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 37 குதிரைவலுவுமுள்ள சிறிய எஞ்சினுக்கு இரண்டரை அங்குலக் குழாய் எதற்கு? ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய் தாராளமாகப் போதும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதாதலின், முன்னையது பின்னையதிலும் இருமடங்கு அகலமான வழியைக் கொண்டது. அந்த அகலம் எஞ்சினுக்குப் பயன்படாது, இடத்தையே விழுங்கும். பருமனைக் குறைத்தபோதே முக்கால் அங்குல இடம் மீண்டது.

இரண்டாவதாக, மருமகனின் ஆசையிலே பாதியை விட்டுக்கொடுக்கும்படி கேட்டார். இரண்டங்குலக் கட்டைக்குப் பதிலாக ஓரங்குலக் கட்டை. மருமகன் சற்றுத் தயங்கி எம் முகத்தைப் பார்த்தான். "மாமா, ஓரங்குலம் பதிச்சா ஆருக்குத் தெரியப் போகுது?" என்றான். "தெருவுக்குத் தெரியும், தம்பி" என்றோம். அவன் சிரித்து இசைந்தான். அவ்வாறு அச்சுக்கு மேலே மேலும் ஓரங்குலம் கிடைத்தது.

கிடைத்த இடம் போதுமா என்று கண்டறிய முதியவர் செய்த சோதனை எம்மை மிகவும் கவர்ந்தது. கார் நின்றபடி இருக்கையில் அளந்து பயனில்லை. நிறை ஏறி, அச்சு மேலே முழுத்தூரமும் எழும்போது எஞ்சும் இடைவெளியே உண்மையான இடைவெளி. பிள்ளைகள் விளையாடும் மென்களிமண்ணிலே உருண்டைகள் செய்து, குழாய் செல்லவிருந்த இடத்துக்கு நேரே அச்சின் மேல் ஒட்டினார். காரிலே நால்வரை ஏற்றி, பின்னே இரண்டு அரிசி மூடைகளையும் வைத்து, வேகத்தடைகளுள்ள ஒழுங்கையிலே இருமுறை ஓடிவரச் செய்தார். திரும்பிவந்தபின் நசுங்கிய களிமண்ணின் தடிப்பை அளந்தார். கணக்கு எழுதத் தெரிந்த எமக்கு, கணக்கைக் களிமண்ணே எழுதிக் காட்டியது! குழாய்க்கும் இடமுண்டு, அதற்கு மேலும் கீழும் ஓரங்குல வெளிக்கும் இடமுண்டு என்று தெளிவாயிற்று.

இன்னும் தாழ்ந்த கார்களிலே இவ்வளவு வெளியும் கிடையாது. அங்கே வட்டக் குழாய்க்குப் பதிலாக நீள்வட்டக் குழாயைப் பயன்படுத்துவர். பரப்பளவை இழக்காமல் உயரத்தை மாத்திரம் குறைக்கும் உபாயம் அது. பின்சில்லுக்கு முன்பாகவே பக்கவாட்டில் குழாயை முடித்துவிடுவோரும் உளர். ஆனால் பக்கத்தில் வெளியேறும் புகை கண்ணாடி வழியே உட்புகக் கூடுமாதலின், குடும்பத்தைச் சுமக்கும் காருக்கு அவ்வழி ஏற்றதன்று.

குழாயை வளைத்த விதமும் குறிப்பிடத்தக்கது. குழாயை வெறுமனே வளைத்தால் வளைவு நசுங்கி வழி குறுகிவிடும். முதியவர் வறுத்து உலர்த்திய மணலைக் குழாயினுள் இறுக நிறைத்து, இரு முனைகளையும் அடைத்து, சூடேற்றி வளைத்தார். மணலிலே ஈரம் சிறிதேனும் இருந்தால் அது ஆவியாகி அடைப்பை வெடித்தெறியும் என்பதனால், மணலை வறுப்பதிலேயே ஒருமணி நேரம் செலவழித்தார். பெரிய பட்டறைகளிலே இவ்வேலையை உள்ளே உருளை செருகி வளைக்கும் பொறிகள் செய்கின்றன.

நெருப்புக்கு இடைவெளி, நீட்சிக்கு நெகிழ்ச்சி

அடுத்துக் கவனித்தது வெப்பம். எஞ்சினிலிருந்து புறப்படும் இடத்திலே புகையின் வெப்பநிலை அறுநூறு பாகை செல்சியசையும் கடக்கக்கூடும். பின்னே செல்லச் செல்ல அது குறையுமாயினும், கை வைக்கக்கூடிய அளவுக்குக் குறைவதில்லை. தாழ்ந்த காரின் கீழே காற்றோட்டமும் குறைவு. பழைய குழாய் பிரேக் குழாய்க்கு ஒரு விரலகலத்திலே சென்றிருந்தது. டொட் 3 என்னும் வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதியாது. நாட்செல்ல ஈரத்தை உறிஞ்சியபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயிலே ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவம் சுருங்காது, ஆவியோ சுருங்கும். மிதித்த கால் தளம்வரை செல்லும், கார் நில்லாது. ஆகவே புதிய குழாயைப் பிரேக் குழாயிலிருந்தும் பெற்றோல் தாங்கியிலிருந்தும் இயன்றவரை விலக்கினார். விலக்க இயலாத ஓரிடத்திலே அலுமினியத் தகடொன்றை இருபுறமும் அரையங்குல வெளி இருக்கும்படி இடையிலே நிறுத்தினார். பளபளக்கும் தகடு வெப்பக் கதிரைத் திருப்பும். வெளியிலுள்ள காற்று மிஞ்சிய வெப்பத்தைக் கொண்டுபோகும். தகட்டைக் குழாயோடு ஒட்டவைத்தால் இப்பயன் கிட்டாது.

வெப்பம் குழாயை நீட்டவும் செய்யும். உருக்கு ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை வெப்பநிலை உயர்வுக்கு, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு, சரியாகச் சொன்னால் 0.012 மில்லிமீற்றர் நீளும். மூன்று மீற்றர்க் குழாய் சராசரியாக 250 பாகை சூடேறினால் 9 மில்லிமீற்றர் நீளும். பட்டறைக் கணக்கிலே ஏறத்தாழ மூன்று நூல். குழாயை இரும்புப் பட்டியால் உடலோடு இறுக்கிவிட்டால் இந்நீட்சி எங்கே போகும்? ஒட்டுக்களையே பிளக்கும். எஞ்சினும் இறப்பர்த் தாங்கிகளிலே அசைந்தாடுவது. எனவே எஞ்சினுக்கு அண்மையில் நெளியத்தக்க துண்டொன்றையும், ஏனைய இடங்களிலே இறப்பர்த் தொங்கிகளையும் வைத்தார். இணைப்புக்களைப் பின்னிருக்கையின் கீழிருந்து அகற்றினார். பட்டிகளின் ஆணிமுனைகள் கீழ்நோக்கித் தொங்கித் தெருவிலே கொளுவாதபடி பக்கவாட்டிலே திருப்பினார். முடிவிலே, குழாயின் வாயைப் பின்தடுப்புக்கு அப்பாலும் நீளவிட்டார். ஓடும் காரின் பின்னே காற்றழுத்தம் குறைந்திருப்பதால், குழாய் காரின் அடியிலேயே முடிந்தால் புகை அங்கேயே சுழன்று மீண்டும் உட்புக வழிதேடும்.

தளத்திலிருந்த துளைகளெல்லாம் அடைக்கப்பட்டன. வெளிமுற்றத்திலே குளிர்ந்த எஞ்சினை இயக்கி, குழாயின் வாயைத் தடித்த துணியாற் சிறிது பொத்தி, இணைப்புக்களிலே சவர்க்கார நீர் தடவினர். ஓரிடத்திலும் குமிழி எழவில்லை. கார் இப்போது முன்போல் உறுமுவதில்லை, மென்குரலிலே பேசுகின்றது. தமக்கையார் அதில் மீண்டும் ஏற இரண்டு மாதம் சென்றது. ஏறிய அன்று அவர் செய்த முதல் வேலை, பின்னிருக்கையின் கீழே குனிந்து தளத்தைக் கையால் தடவிப் பார்த்ததே.

இளைஞருக்குச் சில சொற்கள்

காரைத் தாழ்த்த வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆசைக்கும் ஒரு வரிசை உண்டு என்பதையே சொல்ல விரும்புகின்றோம். முதலில் கீழே என்ன என்ன இருக்கின்றன என்று எண்ணுங்கள். அச்சு எவ்வளவு எழும், எவ்வளவு இறங்கும் என்று நிறையேற்றி அளவுங்கள். குழாய் செல்லும் வழியை அதன்பின் வகுத்து, அவ்வழி இடங்கொடுக்கும் அளவுக்கே காரைத் தாழ்த்துங்கள். தாழ்த்தியபின் வழிதேடுவோர் ஈற்றிலே தெருவோடும் அச்சோடும் போராட வேண்டியவராவர். தாழ்ந்த காரைக் காய்ந்த புல்லின் மேலோ பனஞ்சருகின் மேலோ நிறுத்தாதிருத்தலும் நன்று. சூடான குழாய்க்கும் சருகுக்கும் இடையே அங்கே சில அங்குலமே உண்டு.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. காரிலே செல்லும் பலருக்கு ஒரே வேளையில் தலையிடியும் மயக்கமும் உண்டானால், உணவிலே பழிபோடுவதற்கு முன் காரை நிறுத்தி, எல்லாரையும் வெளிக்காற்றிலே இறக்குங்கள். தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். உறங்கும் பிள்ளை களைப்பினால்தான் உறங்குகின்றதா என்று ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யப்படும் புகைப் பரிசோதனை, குழாயின் வாயிலிருந்து என்ன வெளியேறுகின்றது என்பதையே அளக்கின்றது. வாய்வரை வந்து சேராமல் வழியிலே கசிவதை நாமேதான் தேடிக் காணவேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு சாக்கும், ஒரு விளக்கும், சிறிது சவர்க்கார நீரும், கீழே குனிந்து பார்க்கும் மனமும் போதும்.